பொட்டு வைக்க ஓர் இடம்

போன மாதம் கவிதா என் வீட்டுக்கு வந்திருந்தாள். வீரபாண்டி சாயப்பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று என் வேலையையும், ஒரு கால் ஆடுகிற என் மேஜையையும் அவளிடம்தான் ஒப்படைத்துவிட்டு வந்தேன். கொடுத்த காபியைக் கையிலேயே வைத்து ஆறவிட்டாள். கவலை இருந்தால் அவள் அப்படித்தான்.

“கேமரா மாட்டப் போறாங்க மேடம். ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாடியும் ஒண்ணு. ஆபரேட்டர் கண்ணு சொருகுனாப் போதும், மணியடிச்சுருமாமுங்க. தலையத் திருப்புனாலும் அடிக்குமாம். இனி நமக்கு அங்க என்னங்க வேல?”

“அது யாரப் பாக்கும் கண்ணு?”

“ஆபரேட்டரத்தானுங்க.”

“ஆபரேட்டர் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு யாரு பாக்கறது?”

சிரித்தாள். ஆனால் அத்தோடு விடவில்லை. பல்கலைக்கழகத்தில் நாங்கள் படித்த படிப்பையே முடித்துவிட்டு வெளியே வரும் பெண்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறதாம். பட்டறையில் அந்தோணிக்கு நடந்த விபத்தை ஒழுங்காக எழுதிக் கொடுங்கள், எல்லோருக்கும் அனுப்புகிறேன் என்றாள். மேடையில் பேசச் சொன்னால் நான் ஓடிவிடுவேன். எழுதச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஒப்புக்கொண்டேன்.

நான் படித்தது மனிதக் காரணி உளவியல். மனிதர்கள் கருவிகளோடு வேலை செய்யும்போது கண்ணும் கையும் ஞாபகமும் எங்கே தடுமாறுகின்றன, அந்தத் தடுமாற்றத்தில் கருவியின் பங்கு எவ்வளவு என்று பார்க்கிற படிப்பு. இப்போது சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. எங்களுடையது தறி ஓட்டிய குடும்பம். அப்பா காலத்தில் பனியன் தொழிலுக்கு வந்தோம். உளவியல் என்றதும் பெரியப்பா, “பைத்தியத்துக்குப் பக்கத்துல உக்காந்து பேசற வேலைங்களா? பொம்பளப் புள்ளைக்கு அது எதுக்குங்க?” என்றார். அப்பா மட்டும், “படிக்கட்டும் உடுங்கண்ணா. எப்படியும் நம்மளப் பத்தித்தான் படிக்கப் போறா” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் பாடத்திட்டத்தை அவரைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

பல்கலைக்கழகத்தில் எனக்கு வாய்த்த பேராசிரியை மாலதி. அவர் வகுப்பில் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை எழுதினால் அந்தப் பக்கத்தையே திருத்த மாட்டார். அப்போது எங்கள் விடுதியில் ஒரு குளியலறையில் மட்டும் வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் இடம் மாறி இருந்தன. புதிதாக வரும் ஒவ்வொருத்தியும் அங்கே ஒருமுறை சுட்டுக்கொள்வாள். விடுதிக் காப்பாளர் ‘கவனமாகத் திறக்கவும்’ என்று கதவில் காகிதம் ஒட்டினார். மாலதி மேடம் அந்தக் காகிதத்தையே பாடமாக வைத்தார். “குளிக்கப் போறவ கண்ணாடி போட்டுட்டா போவா?” என்று கேட்டார். நாங்கள் பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயை மாற்றச் சொன்னோம். புத்தகங்கள் நிறையப் படித்தேன், பரிசோதனைக் கூடத்தில் பொத்தான்களை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்தது, எல்லாம் உண்மை. ஆனால் படிப்பு எனக்குள் இறங்கியது அந்தக் குளியலறையில்தான்.

முதல் வேலை அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில். என் சான்றிதழைப் பார்த்த முதலாளி, “சைக்காலஜிங்களா, அப்ப லேபர் சண்டையெல்லாம் நீங்களே பாத்துக்குங்க” என்று உட்காரவைத்தார். அங்கே பேக்கிங் பகுதிப் பெண்கள் வாரம் தவறாமல் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எம் சைஸ் பெட்டிக்குள் எல் சைஸ் போய்விடும். பச்சை ஸ்டிக்கர் எம், நீல ஸ்டிக்கர் எல். அந்தக் கூடத்து மஞ்சள் விளக்கில் இரண்டும் ஒரே அழுக்கு நிறமாகத் தெரிந்தன. நான் எல் ஸ்டிக்கரை வெள்ளையாக்கி, சதுரமாக வெட்டச் சொன்னேன். குழப்பம் நின்றது. முதலாளி ஸ்டிக்கரை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கா அம்மிணி இத்தன படிப்பு?” என்றார். எங்கள் தொழிலில் இந்தக் கேள்வி கடைசிவரை கூடவே வரும். செய்து முடித்த பிறகு பார்த்தால் அதில் வேலை எதுவும் தெரியாது.

பிறகுதான் வீரபாண்டிக்கு வந்தேன். அங்கே மேலாளர் சுப்பிரமணியம். முருக பக்தர், நெற்றி நிறைய விபூதி, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவரிடம் நீங்கள் பயப்பட வேண்டியது கோபத்துக்கு அல்ல, மரியாதைக்கு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதென்றால் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, பிள்ளைகள் படிப்பை விசாரித்து, “நாளையிலிருந்து நீங்க சிரமப்பட வேண்டாமுங்க” என்பார். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல இருக்கும். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் வேலை போனது உறைக்கும். அதனால் அவர் டீ சொன்னாலே, இப்போதுதான் குடித்தேன் என்று ஆட்கள் நழுவுவார்கள். ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல மாட்டார். அந்த ஒரு குணத்தை நம்பித்தான் அவரோடு அத்தனை வருடம் ஓட்டினேன்.

அந்தோணி தூத்துக்குடிக்காரர். மனைவி மேரி எங்கள் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் டெய்லர். அந்தோணி ஓட்டியது பழைய மெஷின் ஒன்றை. துணிக்குச் சாயம் ஏற்றும் அந்த மெஷினைப் படுக்கவைத்த பெரிய குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் கலந்த துணி என்றால் கொதிநிலைக்கும் மேலே சூடு வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறி நிற்கும். வெந்து முடிந்ததும் சூட்டை இறக்கி, வால்வைத் திறந்து ஆவியை விட்டு, அழுத்தம் முழுக்கப் போன பிறகுதான் மூடியைத் திறந்து நிறம் பார்க்கத் துண்டு வெட்ட வேண்டும். புது மெஷின்களில் அழுத்தம் இருந்தால் மூடி திறக்கவே திறக்காது. இதில் அந்தப் பூட்டு இல்லை. முகப்பில் வட்டமாக இரண்டு மீட்டர்கள், ஒன்று சூட்டுக்கு, ஒன்று அழுத்தத்துக்கு. அவற்றுக்கு நடுவில், கொஞ்சம் மேலே, ஒரு சிவப்பு விளக்கு. அழுத்தம் இருக்கும்வரை எரியும். அணைந்தால் திறக்கலாம்.

ஆயுத பூஜை முடிந்து பட்டறை மறுபடி ஓடத் தொடங்கிய காலை, அந்தோணி மூடியைத் திறந்தார். உள்ளே அழுத்தம் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. வலது தோளிலிருந்து முழங்கைக்குக் கீழ்வரை வெந்துவிட்டது.

நான் போவதற்குள் ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. பூஜை லீவில் குடித்துவிட்டு, தெளியாமல் வேலைக்கு வந்துவிட்டான் என்று. விபத்து அறிக்கை என் மேஜைக்கு வந்தபோது அதில் காரணம் என்ற இடத்தில் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று டைப் அடித்து, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை எழுத எத்தனை பேருக்கு எத்தனை சுலபமாகக் கை வருகிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நான் கையெழுத்துப் போட்டால் அந்தோணிக்கு எங்கள் பட்டறையில் மட்டுமல்ல, வேறெங்கும் வேலை இருக்காது. வீரபாண்டியில் ஒரு பட்டறையில் காலையில் சொன்னது மாலைக்குள் எல்லாப் பட்டறைக்கும் போய்விடும்.

மாலதி மேடத்திடம் கற்றதில் ஒன்றை நான் கடைசிவரை விடவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆள் நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டும். அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில். அந்தோணி என்னைவிட உயரம். ஒரு மரப்பலகையைப் போட்டு ஏறி நின்றேன். பட்டறையில் சிலர் என்னை வேடிக்கை பார்த்தார்கள், பழக்கம்தான். வால்வைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே துணிப்பஞ்சு அடைத்திருந்தது. ஆகவே ஆவி முழுக்க வெளியேறவில்லை. அழுத்த மீட்டரின் கண்ணாடிக்குள் ஈரம் கோத்து முள் மங்கலாகத் தெரிந்தது. அது பல மாதக் கதை என்றார் எலக்ட்ரீஷியன். அதனால் எல்லோரும் விளக்கை மட்டும் நம்பித்தான் திறந்துகொண்டிருந்தார்கள். சரி, விளக்கு? எலக்ட்ரீஷியன் சோதனைப் பொத்தானை அழுத்தினார். பளிச்சென்று எரிந்தது.

சுப்பிரமணியம் சார் பின்னால் வந்து நின்றார். “லைட்டு எரியுதுங்களே அம்மிணி. அவன் பாக்கல. அவ்ளோதானுங்க.” ஆள் எதிரில் இல்லாதபோது அந்தோணி ‘அவன்’ ஆகியிருந்தார். “வெள்ளிக்கெழம காலைல பூஜை போட்டு மெஷின ஓட்டிரலாமுங்க. அதுக்குள்ள ஏதாச்சும் கெடச்சாப் பாருங்க. இல்லீன்னா கையெழுத்துப் போட்டுருங்க. டீ சாப்பிடறீங்களா?”

வேண்டாம் என்றேன். அவர் டீ எனக்கும் பயம்தான்.

மருத்துவமனையில் அந்தோணி கட்டோடு மல்லாந்து கிடந்தார். மேரி என்னைக் கண்டதும் எழுந்து நின்று, நான் ஏதும் கேட்பதற்கு முன்பே சொன்னாள். “இவுக குடிக்க மாட்டாக மேடம். எங்க சர்ச்சுல வேணா வந்து கேளுங்க. என்கூட வேலை பாக்குறவளே என் மூஞ்சியப் பாத்து, அப்படியாமே அப்படிங்கா.”

அவளை உட்காரச் சொன்னேன். விபத்துக்கு ஆளானவரிடம் ‘ஏன்’ என்று நான் கேட்பதில்லை. ஏன் என்று கேட்டால் ஆட்கள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். “மூடில கை வைக்கறப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சுதுங்க அந்தோணி?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் கண்ணை மூடி யோசித்தார். “லைட்டு எரியல மேடம். பாத்துட்டுதான் தொறந்தேன். எரியலன்னு எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்.”

“நல்லா எரியுதுங்களே. இப்பத்தான் பாத்துட்டு வர்றேன்.”

“அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிட்டு போல” என்றவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மேரி அழ ஆரம்பித்தாள். எனக்கு அவர்கள் இருவர் மீதும் இரக்கம் வந்தது. அதைவிட, கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறேனே என்று என் மீது கோபம் வந்தது. பொய் சொல்பவர் தன்னையே சந்தேகப்பட மாட்டார். அவர் சொன்னது உண்மை, விளக்கு எரிவதும் உண்மை. இரண்டும் ஒன்றாக எப்படி உண்மையாகும் என்பதுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. விபத்தில் பீறிட்ட சாயத் தண்ணீர் மெஷின் முழுக்கப் பட்டிருந்ததால் அதை அன்றைக்கே குழாய் வைத்துக் கழுவிவிட்டிருந்தார்கள். இப்போது மறுபடி மாலை, எலுமிச்சம்பழம், சாம்பிராணி. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். ஆயுத பூஜையன்று பொட்டு வைப்பது எப்போதும் சுப்பிரமணியம் சார்தான். அன்றும் அவரே சந்தனக் கிண்ணத்தை வாங்கினார். மெஷினுக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி முருகனை வேண்டிக்கொண்டு, கட்டைவிரலால் சந்தனத்தை எடுத்துக் கெட்டியாக ஒரு பொட்டு வைத்தார். அதன்மேல் குங்குமம்.

அவர் விரல் போன இடத்தைப் பார்த்தேன். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. வட்டமான இரண்டு மீட்டர்கள், நடுவில் சற்று மேலே ஒரு விளக்கு. இரண்டு கண், ஒரு நெற்றி. பொட்டோடு வரும் எந்தக் கையும் அந்த இடத்துக்குத்தான் போகும். சந்தனம் அச்சுப் பிசகாமல் சிவப்பு விளக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

சாம்பிராணி அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு எலக்ட்ரீஷியனிடம் சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

“சார், கொஞ்சம் இங்க வாங்க. அந்தோணி நின்ன எடத்துல நில்லுங்க. லைட்டு எரியுதுங்களா?”

அவர் வந்து நின்றார். பார்த்தார். குங்குமத்தைச் சுற்றி ஒரு துளி சிவப்பு கசிந்தது, அவ்வளவுதான். குங்குமம் இருக்கிற இடத்தில் சிவப்பு தெரிந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

“இல்லீங்களே” என்றார்.

“எரியுதுங்க சார். பொத்தான்ல கை இருக்குது பாருங்க.”

சுப்பிரமணியம் சார் எலக்ட்ரீஷியனின் கையைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். ஆயுத பூஜையன்றும் அந்த விரல்தான் அங்கே பொட்டு வைத்தது, விபத்துக்குப் பிறகு கழுவிய தண்ணீரோடு அது போய்விட்டது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அதத் தொடச்சிருங்க சார், நல்லாத் தெரியும்” என்றேன்.

அவர் கை பாதி தூரம் போய் நின்றது. “வெச்ச பொட்டெ எப்படீங்க அம்மிணி அழிக்கறது?” என்றார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவரும் முன்னால் வரவில்லை. சாமிக்கு வைத்த பொட்டு, தானாக உதிர்ந்தால் உண்டு. அந்தோணியும் இதே இடத்தில்தான் நின்றிருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுப்பிரமணியம் சாரே சொல்லிவிட்டார்.

“இவங்களே அழிக்க மாட்டீங்கறாங்க. அவரு எப்படீங்க அழிப்பாரு?”

‘அவரு’ என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்று மாலையே சுப்பிரமணியம் சார் ஆரஞ்சுப் பழத்தோடு மருத்துவமனைக்கு வந்தார், என்னையும் கூட்டிக்கொண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “லைட்டு எரியலீங்க அந்தோணி. நீங்க சொன்னது சரிதானுங்க. நாந்தான் மறைச்சுட்டேன்” என்று நடந்ததைச் சொன்னார். மேரியிடம் திரும்பி, “குடின்னு யாராச்சும் சொன்னா என்னைய வந்து கேக்கச் சொல்லுங்க சாமி” என்றார். மேரி தலையாட்டினாள். அந்தோணிதான், “பொட்டு இருந்துச்சு சார். பாத்தேன். அதுக்குப் பின்னாடிதான் லைட்டு இருக்குன்னு மனசுல படல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பட்டிருந்தாலும் நான் எப்படி சார் தொடுவேன்? நாங்க வேதக்காரங்க. உங்க சாமிக்கு வெச்சத நான் அழிச்சா நல்லாவா இருக்கும்?” என்றார்.

அறிக்கையில் கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிட்டு, காரணத்தை நானே எழுதினேன். வால்வு, மீட்டர், பூட்டு இல்லாத மூடி, விளக்கு இருக்கும் இடம். அதைப் படித்த பட்டறை முதலாளி, இனி மெஷின்களுக்குப் பொட்டே வைக்கக்கூடாது என்று உத்தரவு போடக் கிளம்பினார். நான் விடவில்லை. தடுத்தால் யாருக்கும் தெரியாமல் அவசர அவசரமாக வைப்பார்கள், எங்கே வைத்தார்கள் என்று நமக்கே தெரியாது என்றேன். “அப்ப என்ன பண்றதுங்க?” என்றார். பொட்டுக்கு ஓர் இடம் கொடுங்கள் என்றேன்.

விளக்கை மீட்டர்களுக்கு நடுவிலிருந்து எடுத்து, மூடியின் கைப்பிடிக்குப் பக்கத்தில் பொருத்தினோம். கை போகும் இடத்துக்குத்தானே கண்ணும் போகும். மீட்டரை மாற்றினோம், மூடிக்குப் பூட்டு வந்தது. விளக்கு இருந்த பழைய இடத்தில், நெற்றியில், கட்டைவிரல் அகலத்துக்கு வட்டமாக ஒரு பித்தளைத் தகடு. மற்ற மெஷின்களிலும் விளக்கையும் மீட்டரையும் விட்டு விலக்கி ஒவ்வொரு தகடு அடித்தோம். எந்த அறிவிப்பும் ஒட்டவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாளே பெண்கள் தகடுகளைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்கள். சுப்பிரமணியம் சார் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினாகப் போனார். ஒரு பொட்டுகூட வெளியே போகவில்லை.

கை ஆறி வந்த அந்தோணி அதே மெஷினுக்குத்தான் போவேன் என்றார். இப்போது அந்தப் பகுதிக்கே சூப்பர்வைசர். சுப்பிரமணியம் சார் ஓய்வு பெற்றுப் போகும்போது என்னிடம், “ஒரு தகடுதானுங்களே அம்மிணி, எனக்குத் தோணாமப் போச்சே” என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் நான் பெரியதாக வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதி, கவிதாவுக்கு அனுப்பலாம் என்று இருந்தபோது இந்த வருட ஆயுத பூஜை வந்துவிட்டது. பூஜை முடிந்து பட்டறை திறந்த காலை அவளே கூப்பிட்டாள்.

“மேடம், கேமரா வேல செய்யலீங்க. ஒண்ணுலயும் படம் வரல. மாட்டுனவங்க ஆளனுப்பறேங்கறாங்க.”

“ஏணி போட்டு ஏறிப் பாரு கண்ணு” என்றேன். போனை வைக்காமலே போனாள். ஏணி இழுபடும் சத்தம் கேட்டது. தூரத்தில் அவள் யாரிடமோ ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு அவள் சிரிப்பு.

“சந்தனமுங்க மேடம். எல்லா லென்ஸ் மேலயும். புது மெஷினுன்னு இதுக்கும் வெச்சிருக்காங்க.”

“யாராச்சும் தொடச்சாங்களா?”

“யாருந் தொடலீங்க.” மறுமுனையில் சுவரில் சுத்தியல் அடிக்கும் சத்தம் கேட்டது. கவிதா குரலைத் தாழ்த்தினாள். “இங்க அந்தோணியண்ணன் ஒவ்வொரு கேமராவுக்குக் கீழயும் பித்தளத் தகடு அடிச்சிட்டிருக்காருங்க. மேடம் சொல்லி உட்டாங்களாண்ணான்னு கேட்டேன். இதப் போயி யாராவது சொல்லணுமாங்கறாருங்க.”